ஓடிசியில் ஸ்டால் போடப் போகிறீர்களா? ஹூஸ்டன் கடல்சார் தொழில்நுட்ப மாநாட்டுக்கு நடைமுறைக் குறிப்புகள்

கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு மே மாத முதல் வாரம் என்றால் ஹூஸ்டன்தான். கடல்சார் தொழில்நுட்ப மாநாடு 1969-இல் தொடங்கியது. தொழிலில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ஓடிசி என்றால் போதும். இதை நடத்துவது ஒரு தனி நிறுவனம் அல்ல. எஸ்பிஇ (பெட்ரோலியப் பொறியாளர் சங்கம்), ஏஎஸ்எம்இ, ஐஇஇஇ, ஏஏபிஜி, எஸ்இஜி என்று பொறியாளர்களும் புவியியலாளர்களும் கூடிய பல தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து நடத்துகின்றன. அதனால்தான் கண்காட்சி அரங்கு எவ்வளவு பெரிதானாலும் தொழில்நுட்பக் கட்டுரை அமர்வுகளின் எடை குறையவில்லை. ரியோவில் ஓடிசி பிரேசில், கோலாலம்பூரில் ஓடிசி ஆசியா என்று கிளைகள் உண்டு. தாய் வீடு ஹூஸ்டனின் என்ஆர்ஜி பார்க் வளாகம்தான்.

போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்முன் கூட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிடுங்கள். 1982-இல் வந்தவர்கள் 1,08,161 பேர். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபின் கூட்டமும் சரிந்தது. மீண்டும் அந்த உயரத்தைத் தொட 2014 ஆனது. அந்த ஆண்டு 1,08,300 பேர். அப்போது ஒரு பீப்பாய் விலை 100 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்குக் கீழே போனது. அந்த மே மாதம் வந்தவர்கள் 68,000 பேர் அளவில்தான். 2020-இல் பெருந்தொற்றால் மாநாடே நடக்கவில்லை, 2021-இல் ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப்போனது. அதன்பின் பழைய கூட்டம் திரும்பவில்லை.

இதைச் சரிவு என்று மட்டும் படிப்பது சரியல்ல. விலை உச்சத்தில் இருந்தபோது வந்த கூட்டத்தில் பெரும்பகுதி வேடிக்கை பார்க்க வந்தது. கூட்டம் குறைந்த ஆண்டுகளில் வருபவர்கள் ஏதாவது ஒரு சிக்கலுக்கு விடை தேடி வருகிறார்கள். சிறு நிறுவனத்துக்கு அதுவே நல்ல ஆண்டு. பெரிய நிறுவனத்தின் கிணற்றுப் பொறியாளர் உங்கள் ஸ்டாலில் இருபது நிமிடம் நிற்பார். விலை உச்சத்தில் அவர் நடந்துகொண்டே இருப்பார்.

கட்டுரைதான் முதல் வாசல்

ஸ்டாலுக்குப் பணம் கட்டும்முன் கட்டுரைக்கு அனுப்பலாமா என்று யோசியுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் நெடுநாள் நிற்கும். ஏற்கப்பட்ட கட்டுரைகள் ஒன்பெட்ரோ மின்நூலகத்தில் சேர்கின்றன. பத்தாண்டு கழித்தும் யாரோ ஒரு பொறியாளர் தேடிப் படிப்பார்.

நாள்காட்டி நீளமானது. மே மாதம் நடக்கும் மாநாட்டுக்கு முந்தைய ஆண்டிலேயே கட்டுரையின் சுருக்கம் போய்ச் சேர வேண்டும். எஸ்பிஇ பாணிச் சுருக்கம் 225 முதல் 450 சொல்லுக்குள் நான்கு பகுதிகளாக இருக்கும்: நோக்கமும் எல்லையும், செய்த முறை, கிடைத்த முடிவு, இதில் புதிது என்ன. பெரும்பாலான சுருக்கங்கள் அடிபடுவது மூன்றாவது பகுதியில். "முடிவுகள் கட்டுரையில் விவரிக்கப்படும்" என்று எழுதினால் படிப்பவருக்கு மதிப்பிட ஒன்றும் இல்லை. எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள், எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில், எத்தனை சுழற்சிக்குப்பின் கசிந்தது என்று எண்ணைச் சொல்லுங்கள். சோதனை இன்னும் முடியவில்லை என்றால் அடுத்த ஆண்டுக்கு அனுப்புவதே நல்லது.

இரண்டாவது தடை விளம்பர வாடை. பொருளின் வணிகப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் தள்ளிவிடுவார்கள். நிறுவனச் சின்னத்துக்கு முதல் ஸ்லைடோடு சரி. "எங்கள் புரட்சிகரமான வால்வு" என்று எழுதாமல் "உலோகத்துக்கு உலோகம் அடைக்கும் கேட் வால்வு" என்று எழுதுங்கள்.

மூன்றாவது தடையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தரவு உங்களுடையதாக இருக்காது. எண்ணெய் வயலை இயக்கும் நிறுவனத்துடையது. அதற்குக் கூட்டாளிகள் இருப்பார்கள். ஒவ்வொரு கூட்டாளியின் சட்டப் பிரிவும் ஒப்புதல் தர வேண்டும். மூன்று கூட்டாளிகள் என்றால் மூன்று மாதம்கூட ஆகலாம். சுருக்கம் ஏற்கப்பட்ட பின் ஒப்புதல் கேட்கத் தொடங்கினால் முழுக் கட்டுரைக்கான கெடு தாண்டிவிடும். கட்டுரை வரவில்லை என்றால் மேடையும் இல்லை. இதில் தயவு காட்டுவதில்லை. சுருக்கம் எழுதும் அதே வாரத்தில் ஒப்புதலையும் கேட்டுவிட வேண்டும். ஆழம், கிணற்றின் பெயர், உற்பத்தி அளவு ஆகியவற்றை நீக்கிய ஒரு பிரதியைக் கையோடு கொடுத்தால் பாதி வாதம் அங்கேயே முடியும்.

கேட்கப் போகிறவர்கள் எதைத் தேர்வது? இயக்குநர்கள் பேசும் பெரிய அமர்வுகளின் சாரம் மறுநாள் செய்தியில் வந்துவிடும். ஒரு திட்டம் முடிந்தபின் அதே குழு அடுத்தடுத்து நான்கைந்து கட்டுரைகள் படிக்கும் அமர்வுகளை விடாதீர்கள். 20,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்துக்கான கருவிகள் நல்ல உதாரணம். மெக்சிகோ வளைகுடாவில் செவ்ரானின் ஆங்கர் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது; அந்த அழுத்தத்தில் உற்பத்திக்கு வந்த முதல் ஆழ்கடல் திட்டம் அது. 20,000 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 1,380 பார். அதுவரை வழக்கத்தில் இருந்த உச்சம் 15,000 பிஎஸ்ஐ. அந்த இடைவெளியைத் தாண்ட குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சு முதல் கிணறு பீறிடாமல் காக்கும் வெடிப்புத் தடுப்பான் வரை எல்லாவற்றையும் புதிதாகத் தகுதிப்படுத்த வேண்டியிருந்தது. அந்த வேலை செய்தவர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்க இப்படிப்பட்ட அமர்வுகளைவிட நல்ல இடம் வேறில்லை. கேள்வி ஒரே வாக்கியமாக இருக்கட்டும். அமர்வு முடிந்து மேடையிலிருந்து இறங்கும்போது அவரைப் பிடித்தால் கட்டுரையில் எழுத முடியாததையும் சொல்வார்.

சரக்கு

பணம் கரைவதும் தூக்கம் போவதும் இங்கேதான். அமெரிக்கக் கண்காட்சிகளில் இட வாடகை தனி, மீதி எல்லாம் தனி. பத்தடிக்குப் பத்தடி இடம் வாங்கினால் கிடைப்பது வெறும் தரை. தரைவிரிப்பு, மேசை, மின்சாரம், குப்பைத்தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு. வரிசையில் உள்ள ஸ்டாலுக்குப் பின்சுவர் எட்டடிவரை இருக்கலாம். முன்பாதியில் நான்கடிக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது என்பதே பொதுவான விதி. பக்கத்து ஸ்டால் மறையக் கூடாது என்பதற்காக வைத்தது. கிணற்றின் தலையில் பொருத்தும், கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் உயரமான வால்வுத் தொகுதியைக் கொண்டுவந்து ஓரத்தில் வைக்க முடியாமல் போவது இதனால்தான். வரைபடத்தை அனுப்பி முன்பே ஒப்புதல் வாங்குங்கள்.

அடுத்து டிரேயேஜ். லாரியிலிருந்து இறக்கி உங்கள் ஸ்டால்வரை கொண்டுவருவதும், காலிப் பெட்டியை எடுத்துப்போய் வைத்துத் திருப்பித் தருவதும், முடிந்தபின் லாரியில் ஏற்றுவதும் சேர்ந்த கட்டணம் இது. கண்காட்சியின் பொது ஒப்பந்தக்காரர் மட்டுமே செய்யலாம். கணக்கு 100 பவுண்டுக்கு இவ்வளவு என்று போகும். மிச்சம் மேல்நோக்கி முழுமையாக்கப்படும். மூன்று டன் கருவி 6,614 பவுண்டு, எனவே 67 அலகுக்குப் பணம். சிறு பொட்டலங்களுக்குக் குறைந்தபட்ச எடை என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் 200 பவுண்டு. பத்துப் பொட்டலங்களைப் பத்து நாளில் கூரியரில் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் அந்தக் குறைந்தபட்சம் விழும். எல்லாவற்றையும் ஒரே பேலட்டில் (சரக்கு அடுக்கும் அடித்தட்டு) கட்டி, ஒரே ரசீதில், ஒரே நாளில் அனுப்புங்கள். பேலட் இல்லாமல் குவித்து வந்த சரக்குக்கும், இரவிலும் வார இறுதியிலும் இறக்கும் சரக்குக்கும் கூடுதல் கட்டணம் சேரும்.

சரக்கை ஒப்பந்தக்காரரின் முன்கூட்டிய கிடங்குக்கும் அனுப்பலாம், நேரே அரங்குக்கும் அனுப்பலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கிடங்கையே தேர்வதுதான் சரி. கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பொருள் வந்துவிட்டது என்று விமானம் ஏறும்முன்பே தெரிந்துவிடும். கனமான கருவிக்கு இது பொருந்தாது. கிடங்கில் அதைத் தூக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நேரே அரங்குக்கு, கட்டுமான நாட்களின் தொடக்கத்திலேயே இறங்குமாறு நேரம் வாங்குங்கள். பக்கத்து ஸ்டால்களின் சுவர் எழும்பிவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழைய வழியிருக்காது. தரைவிரிப்பு கருவிக்குப் பிறகுதான் வர வேண்டும்.

கப்பலில் வரும் சரக்கு திறப்பு நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஹூஸ்டன் துறைமுகத்தில் இருக்குமாறு பாருங்கள். சுங்கத்துறை பெட்டியைப் பரிசோதனைக்கு எடுத்தால் ஒரு வாரம் போய்விடும். அமெரிக்கா வரும் கடல் சரக்குக்கு, கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே 10+2 எனப்படும் பாதுகாப்பு விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒரு மீறலுக்கு 5,000 டாலர்வரை அபராதம். இந்த வேலை உங்கள் சரக்கு முகவருடையதா, அங்குள்ள சுங்க முகவருடையதா என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். இருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவதே வழக்கமான கோளாறு.

மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை கட்டாயம்; மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. பெரும்பாலும், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்கியதற்கான அடையாளம் அந்த முத்திரை. முத்திரை இல்லாவிட்டால் அமெரிக்காவில் மருந்தடித்துச் சரிசெய்ய விடுவதில்லை, திருப்பி அனுப்பச் சொல்வார்கள். பெட்டி சரியாக இருந்தும் உள்ளே கருவி ஆடாமல் இருக்கச் செருகிய மரத்துண்டில் முத்திரை இல்லாததால் மாட்டிய சரக்குகள் உண்டு. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி கிடையாது. முடிந்த இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துவரும் பொருளுக்கு வரி கட்டத் தேவையில்லை. அதற்கு ஏடிஏ கார்னே (தற்காலிகமாகக் கொண்டுபோகும் பொருளுக்கான சர்வதேசச் சுங்க ஆவணம்) ஒரு வழி, பிணைப்பத்திரத்தின் பேரில் தற்காலிக இறக்குமதி இன்னொரு வழி. கார்னே ஓராண்டு செல்லும். ஆனால் எல்லா நாடும் எல்லா வகைப் பொருளுக்கும் அதை ஏற்பதில்லை. அமெரிக்காவில் வணிக மாதிரி, தொழில்முறைக் கருவி போன்ற தலைப்புகளுக்குள் உங்கள் பொருள் வருகிறதா என்று சுங்க முகவரிடம் முன்பே கேளுங்கள். கார்னே கொடுத்தபின் பட்டியலில் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. தொடர் எண் பொருளில் பொறித்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பேனா, பை, கையேடு போன்ற, கொடுத்துவிட்டு வரும் எதையும் அதில் எழுதக் கூடாது. அவற்றுக்குத் தனி விலைப்பட்டியல் போடுங்கள். பட்டியலில் உள்ள கருவியைக் கண்காட்சியிலேயே யாராவது வாங்க விரும்பினால் அங்கே விற்றுவிடாதீர்கள். அதற்கு வழி உண்டா என்று முதலில் சுங்க முகவரைக் கேளுங்கள்.

ஹைட்ரோஃபோன் (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி), சோனார், ஆளில்லா நீர்மூழ்கி ஆகியவற்றைக் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு. இவற்றில் பல, ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய இருபயன் பொருட்களுக்கான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருபவை. தற்காலிகமாகக் கொண்டுபோனாலும் உரிமம் வேண்டியிருக்கலாம். அது கிடைக்க மாதங்கள் ஆகும். உரிமம் சந்தேகமென்றால் உள்ளே ஒன்றுமில்லாத மாதிரிக் கூட்டைக் கொண்டுபோங்கள். நீர்மூழ்கியின் லித்தியம்-அயன் மின்கலத்தைத் தனியாக அனுப்பினால் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற மாட்டார்கள். சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி: முழுக் கருவி உண்மையிலேயே வேண்டுமா? என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். ஐந்து டன் வால்வைவிட அதே வால்வின் குறுக்கே வெட்டிய சிறு மாதிரிதான் பொறியாளரை நிறுத்துகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வால்வும் ஒன்றுபோலவே இருக்கும். அதைவிடவும் நன்றாக நிறுத்துவது, சோதனையில் தேய்ந்துபோன, கசிவை அடைக்கும் வளையமும் அதன் பக்கத்தில் சோதனை வரைபடமும். எங்கே தோற்றது, ஏன் தோற்றது, பொருளை எப்படி மாற்றினீர்கள் என்று காட்டுகிறவரை நம்புகிறார்கள். அது ஒரு கைப்பெட்டியில் அடங்கும்.

மின்சாரம்

இயங்கும் கருவி காட்ட முடிவு செய்தால் இதை முதலில் படியுங்கள். அரங்கில் கிடைப்பது 120 வோல்ட் ஒற்றைக் கட்டம், 208 வோல்ட் மும்முனை. கேட்டால் 480 வோல்ட். எல்லாம் 60 ஹெர்ட்ஸ். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை 208 வோல்ட்டில் நேரே இணைத்தால் முறுக்குவிசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். சுமையோடு கிளம்பாது, சூடாகும். 480 வோல்ட்டில் இணைத்தால் வோல்ட்டுக்கும் ஹெர்ட்ஸுக்குமான விகிதம் கிட்டத்தட்டப் பொருந்துவதால் மோட்டார் ஓடும், ஆனால் 20 சதவீதம் வேகமாக. அதன் முனையில் மையவிலக்குப் பம்பு இருந்தால் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி 73 சதவீதம் ஏறும். சில நிமிடங்களில் பாதுகாப்பு ரிலே துண்டித்துவிடும். உள்ளீட்டில் மின்மாற்றியும் அதன்பின் விஎஃப்டியும் (அதிர்வெண்ணை மாற்றித் தரும் கருவி) போட்டு வெளியீட்டை 50 ஹெர்ட்ஸில் வைப்பது பாதுகாப்பான வழி. புறப்படும்முன் 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரில் இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

அரங்கு மூடியதும் மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். குளிரூட்டியோ சர்வரோ இருந்தால் 24 மணி நேர இணைப்பு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இணைப்பு தரையில் எந்த மூலையில் வர வேண்டும் என்று அளவோடு வரைந்து அனுப்புங்கள், இல்லையென்றால் பின்சுவர் நடுவில் வந்து நிற்கும். தள்ளுபடி விலைக்கான கெடு திறப்புக்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். பிறகு கேட்டால் விலை கணிசமாக ஏறும்.

அழுத்தக் கலன்களைக் காலியாக, திறப்பு வால்வு திறந்த நிலையில் வையுங்கள். எஞ்சின் உள்ள வண்டியைக் காட்டினால் எரிபொருள் தொட்டியில் கால் பங்கு அல்லது ஐந்து கேலன், இதில் எது குறைவோ அதற்கு மேல் இருக்கக் கூடாது. மூடி பூட்டியிருக்க வேண்டும், பேட்டரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும். தீயணைப்பு அலுவலர் வந்து பார்ப்பார்.

டெக்சாஸில் உங்கள் ஊழியர்களே ஸ்டாலைக் கட்டிக்கொள்ளலாம். கூரையிலிருந்து தொங்கவிடுவது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, தரையடி மின்னிணைப்பு ஆகியவற்றில் கை வைக்க முடியாது. வெளியிலிருந்து கட்டுமானக்காரரை அமர்த்தினால் அவருடைய காப்பீட்டுச் சான்றை ஒரு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

சந்தைக்கு வந்து இரண்டாண்டுக்குள் இருக்கும் பொருளானால், புதிய தொழில்நுட்பத்துக்காக ஓடிசி தரும் ஸ்பாட்லைட் விருதுக்கு விண்ணப்பியுங்கள். முழு அளவில் பயன்படுத்தியோ முன்மாதிரியைச் சோதித்தோ நிரூபித்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்களையும் தனியாகக் கவனிக்கிறார்கள். வென்றால் ஸ்டாலைத் தேடி வருவார்கள்.

பயண விஷயங்கள் சுருக்கமாக. வணிகப் பயணத்துக்கான பி-1 விசாவில் மாநாட்டில் கலந்துகொள்ளலாம், ஒப்பந்தம் பேசலாம், ஆர்டர் வாங்கலாம். நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், எனவே கட்டுரை ஏற்பு வந்த அன்றே விண்ணப்பியுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா வேண்டாம், இணையத்தில் வாங்கும் எஸ்டா அனுமதி போதும். அறை வாடகையைப் பார்க்கும்போது அதன்மேல் 17 சதவீத வரி சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோரெயில் சிவப்புத் தடத்தின் ஓரமாக, நகர மையத்திலோ மருத்துவ மையப் பகுதியிலோ தங்கினால் என்ஆர்ஜி பார்க்குக்குக் கார் தேவையில்லை. வெளியே மே மாதப் புழுக்கம், உள்ளே கடும் குளிர். மெல்லிய கோட்டு ஒன்று வேண்டும்.

ஸ்டாலில் வருபவரின் அட்டையை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. அவருடைய சிக்கல் என்ன, ஆழம், அழுத்தம், எப்போது வேண்டும், நாம் என்ன அனுப்புவதாகச் சொன்னோம் என்று அங்கேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். அன்றிரவே வரைபடமோ சோதனை அறிக்கையோ போய்விட வேண்டும். ஊர் திரும்பி அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அவர் இன்னொருவரிடம் விலை கேட்டிருப்பார்.

வியாழன் மதியம் மூடியதும் எல்லோரும் கிளம்பத் துடிப்பார்கள். காலிப் பெட்டிகள் கிடங்கிலிருந்து வந்துசேர மணிக்கணக்கில் ஆகும்; அன்று மாலை விமானத்துக்குப் பதிவு செய்யாதீர்கள். காலிப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் ஸ்டால் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், பழைய கண்காட்சிச் சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள். இரண்டு எண் இருந்தால் பெட்டி வேறு மூலைக்குப் போகும். கட்டி முடித்தபின் திருப்பி அனுப்பும் படிவத்தை நிரப்பி ஒப்பந்தக்காரரின் மேசையில் கையால் கொடுக்க வேண்டும். எத்தனை பெட்டி, என்ன எடை, எந்த லாரி நிறுவனம் என்று அதில் இருக்கும். படிவம் கொடுக்காமல் போனாலோ, உங்கள் லாரி குறித்த நேரத்துக்கு வராவிட்டாலோ, அவர்களே ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர்கள் விலைக்கு ரசீது போடுவார்கள். அந்த லாரிக்காரருக்கு உங்கள் கார்னே பற்றித் தெரியாது. சரக்கு அமெரிக்காவை விட்டு வெளியேறும்போது மறு ஏற்றுமதித் தாளில் சுங்க முத்திரை விழாவிட்டால், பொருள் உங்கள் கிடங்கில் பத்திரமாக இருந்தாலும் அமெரிக்கச் சுங்கத்துறையின் கணக்கில் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாதங்கள் கழித்து வரியும் அபராதமும் கேட்டுக் கடிதம் வரும். சுங்க முகவரின் கைபேசி எண்ணோடு ஒருவர் வெள்ளிக்கிழமைவரை ஹூஸ்டனில் இருந்து அந்த முத்திரையின் படத்தை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.